எந்தப் பாபநாசம்? பெயர் வரைபடம் ஒன்றின் மதிப்புரை

என் தாய்மாமாவின் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, வேட்டியும் வெள்ளிச் செம்பும் எல்லோரும் கொண்டுவருவார்கள் என்பதால், வேறு ஏதாவது கொடுக்கலாம் என்று தேடினேன். இணையத்தில் ஒரு நிறுவனம் 'பெயர் வரைபடம்' என்ற பொருளை விற்கிறது. நம் குடும்பப் பெயரையும், நம் வாழ்க்கையோடு தொடர்புடைய நான்கு ஊர்ப் பெயர்களையும் எழுதி அனுப்பினால், அதே பெயர் கொண்ட ஊர்களும் குடும்பங்களும் உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்த பெரிய வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூடவே 32 பக்கக் கையேடு ஒன்றும் வருகிறது. விலை 2,850 ரூபாய். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரிப் பொருளை இன்னும் சிலரும் விற்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் யாரிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவற்றைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

மாமா பிறந்தது பாபநாசத்தில். அவருடைய தகப்பனார் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அத்தைக்குப் பிறந்த ஊர் ஏர்வாடி. மாமா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றது நாசரேத்தில். இப்போது குடியிருப்பது பாளையங்கோட்டை என்றாலும், வெளியூர்க்காரர்கள் கேட்டால் திருநெல்வேலி என்றுதான் சொல்வார். ஆக, நான்கு ஊர்களை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று யாருக்கும் கிடையாது. ஊரின் முதலெழுத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, அதன்பின் தன் பெயர், அவ்வளவுதான். வேறு வழி தெரியாமல், மாமாவின் தகப்பனார் பெயரான முத்தையா என்பதை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன்.

பதினோராம் நாள் பார்சல் வந்தது. கட்டியிருந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு மேல் இரண்டு அடுக்கு அட்டை வைத்து, நான்கு மூலைக்கும் தெர்மோகோல் கொடுத்திருந்தார்கள். காகிதம் தடிமனானது, வண்ணங்கள் கண்ணை உறுத்தவில்லை. ஆனால் தமிழ் எழுத்தை அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாது என்பது தலைப்பிலேயே தெரிந்தது. 'திருநெல்வேலி' என்பதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் விழுந்து கிடந்தன. எண்பது வயதுவரை கரும்பலகையிலும் தாளிலும் எழுத்துப் பிழை திருத்தியே வாழ்ந்த ஒருவருக்கு இதை எப்படிக் கொடுப்பது என்று முதலில் தயங்கினேன்.

இனி, ஊர்களைப் பற்றி. வரைபடத்தின் நல்ல பகுதி இதுதான். திருநெல்வேலி என்ற பெயருக்கு நம் ஊரோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியையும் குறித்திருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது அந்தத் திருநெல்வேலியில்தான். அங்கே பேச்சில் அது 'தின்னவேலி' ஆகிவிடும். இங்கே நம் ஊரை ஆங்கிலேயர்கள் 'டின்னவெலி' என்று எழுதி வைத்ததும் ஏறக்குறைய அதே ஓசைதான். அந்தப் பழைய எழுத்துமுறையையும் தேடியிருந்தால் இன்னொரு சுவையான செய்தி கையேட்டுக்குக் கிடைத்திருக்கும்: வயிற்றைச் சுத்தம் செய்யும் நிலாவரை இலை, மேல்நாட்டு மருந்து வணிகத்தில் இன்றைக்கும் 'டின்னவெலி சென்னா' என்ற பெயரில்தான் விற்கிறது. அல்வாவுக்கு முன்பே நம் ஊர்ப் பெயரைக் கடல் கடத்தியது பேதி மருந்துதான் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபிக்கக்கூடும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நாசரேத்துக்குத் தனியாக நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அந்த நான்கு பக்கத்துக்காகவே கையேட்டை வைத்துக்கொள்ளலாம். கலிலேயாவின் நாசரேத்தில் தொடங்கி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மொரேவியச் சபையார் 1740இல் குடியேறிய நாசரேத், அதற்குப் பக்கத்திலேயே 1741இல் அவர்கள் பெயர் சூட்டிய பெத்லகேம், டெக்சாசில் ஒரு நாசரேத், பெல்ஜியத்தில் ஒன்று, ராட்சத அலைகளில் சறுக்குவதற்காக உலகமே போய் நிற்கும் போர்ச்சுகலின் நசரே, அடாமா என்ற பழைய பெயருக்குத் திரும்பிவிட்ட எத்தியோப்பியாவின் நஸ்ரெத் என்று வரிசையாகப் போகிறது. பென்சில்வேனிய நாசரேத்தில்தான் மார்ட்டின் கிட்டார்கள் செய்யப்படுகின்றன என்பதைப் படித்துவிட்டு, நம் நாசரேத்து மர்காஷிஸ் பள்ளி ஆண்டுவிழாவில் கிட்டார் வாசித்த தன் பழைய மாணவன் ஒருவனைப் பற்றி மாமா அரை மணி நேரம் பேசினார். ஒரே ஒரு தவறு: நம் நாசரேத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டிருக்கிறார்கள். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோதே நாசரேத் அங்கே போய்விட்டது. பழைய பட்டியல் எதையோ பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஏர்வாடியில் தப்பித்துக்கொண்டார்கள். தர்கா இருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, வள்ளியூருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஏர்வாடி, இரண்டுமே சரியான இடத்தில் இருந்தன. ஏர்வாடி போக வேண்டும் என்று கேட்டு, தர்காவுக்குப் போக வேண்டியவர் நம் பக்கத்துப் பேருந்தில் ஏறிவிடுவதும் உண்டு. அப்படி வந்தவர்களுக்குத் தன் தகப்பனார் வீட்டில் சாப்பாடு போட்டு அனுப்பியதை அத்தை நினைவுபடுத்தினார்.

பாபநாசத்தில் சறுக்கிவிட்டார்கள், அதுவும் சறுக்கக் கூடாத இடத்தில். 'பிறந்த ஊர்' என்பதைக் காட்டும் பொன்னிற நட்சத்திரத்தைத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையில், 108 சிவாலயமும் ரயில் நிலையமும் உள்ள ஊர் அது. தாமிரவருணி மலையை விட்டு இறங்கும் நம் பாபநாசம் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதை வரைபடத்தில் சிறு புள்ளியாகக்கூடக் குறிக்கவில்லை. ஆனால் கேரளத்து வர்க்கலையில் இருக்கும் பாபநாசம் கடற்கரைக்கு ஒரு புள்ளி கிடைத்திருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கணினியில் பாபநாசம் என்று தட்டினால் ரயில் நிலையம் உள்ள ஊர்தான் முதலில் வந்து நிற்கும். அப்படித்தான் ரயில் பயணச்சீட்டு எடுக்கும்போதும் அருவியில் குளிக்கக் கிளம்பிய வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். படிவத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒரு வரி கேட்டிருந்தால் போதும். நம் பாபநாசத்துக்கு அது 627 என்று தொடங்கும், அந்தப் பாபநாசத்துக்கு 614. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாட்டில் கடிதம் வழி தவறக் கூடாது என்பதும் 1972இல் அந்த எண்ணைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம். ஒரே பெயருள்ள ஊர்களையே சரக்காக விற்பவர்கள் அதைக் கேட்காமல் விட்டதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்திலும் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. சிவகிரி தென்காசி மாவட்டத்தில் ஒன்று, ஈரோடு மாவட்டத்தில் ஒன்று. இந்த ஊர்க்காரர்கள் வாங்கினால் இதே கதைதான்.

மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு நட்சத்திரத்தையே சிறிது நேரம் பார்த்தார். "மருமவனே, இந்தப் பாவநாசத்துல அருவி எங்கடே இருக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

குடும்பப் பெயர் பகுதிக்கு வருகிறேன். கையேட்டின் பாதி இதுதான். இங்கேதான் பணம் வீணாகிறது. முத்தையா என்பதை ஒரு தொன்மையான வம்சமாக எடுத்துக்கொண்டு, இலங்கையிலும் மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கும் 'முத்தையா குடும்பத்தார்' மாமாவின் உறவினர்களாக இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். முத்தையா முரளிதரனும் பட்டியலில் இருக்கிறார். அவருக்கும் முத்தையா என்பது தகப்பனார் பெயர்தான். விசுவநாதன் ஆனந்தை மேல்நாட்டார் 'விஷி' என்று செல்லமாக அழைத்ததும் தகப்பனார் பெயரைச் சொந்தப் பெயராக எடுத்துக்கொண்ட குழப்பத்தில்தான். இதைவிட வேடிக்கை என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. அவருடைய தகப்பனார் பெயர் வில்சன். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வில்சன், நெல்சன், லிங்கன், வாஷிங்டன் எல்லாம் ஞானஸ்நானத்தில் சூட்டும் பெயர்கள். அவர் இதே படிவத்தை நிரப்பி வாங்கிய கையேடு, அவரை ஸ்காட்லாந்து வில்சன் குலத்தில் சேர்த்து, சிங்கம் பொறித்த குடும்பச் சின்னம் ஒன்றையும் கொடுத்துவிட்டது. இங்கிலாந்து வழக்கப்படி அப்படிப்பட்ட சின்னம் தனி மனிதருக்கும் அவர் சந்ததிக்கும் உரியதே தவிர, ஒரு பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் பொதுவானது அல்ல. முத்தையா வம்சத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. அதில் வேலும் மயிலும் போட்டிருக்கிறார்கள். படம் அழகாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையேட்டை எழுதியவர் படிக்காதவர் அல்லர் என்பதால்தான் வருத்தம் கூடுகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதையும், அதன்பின் அங்கே முதலியார் 'மூட்லி' ஆகவும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், பிள்ளை 'பில்லே' ஆகவும் நிலைத்துவிட்டதையும் நன்றாகவே எழுதியிருக்கிறார். வாஷிங்டனைப் பற்றிய பக்கமும் நன்று: வட இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஓர் ஊர், அந்த ஊரால் பெயர் பெற்ற ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தில் வந்த ஒருவரால் பெயர் பெற்ற ஒரு தலைநகரம். ஐஸ்லாந்தில் தகப்பன் பெயரோடு மகன், மகள் என்ற விகுதியைச் சேர்த்து எழுதுவார்கள், ஆதலால் தொலைபேசிப் பட்டியலைக்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் அடுக்கினார்கள் என்றும் ஒரு பத்தி இருக்கிறது. இதை எழுதிய கை, திருநெல்வேலிக்காரரும் அந்த ஐஸ்லாந்துக்காரர் மாதிரிதான் என்பதை எப்படி மறந்தது?

எங்களுக்குள் பெயர் வேறு வழியில் நடக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டனின் பெயரைத் தாங்கியவன், என்பதிலிருந்து வந்தது. மாமாவின் மூத்த மகனுடைய மகனுக்குப் பூட்டன் பெயரான முத்தையா; இப்போது பெங்களூரில் படிக்கிறான். மாமாவின் மகனுக்கோ, தன் பாட்டியின் தகப்பனார் பெயர். இப்படி இரண்டு மூன்று தலைமுறை தாண்டித் தாண்டிப் போகும் பெயரை, தகப்பனிடமிருந்து மகனுக்கு நேர்கோட்டில் இறங்கும் கட்டத்தில் அடைத்தால் எப்படிக் கிடைக்கும்? இன்ன குடும்பம் என்று அடையாளம் காண எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்பதும் இல்லை, "உங்களுக்குச் சாஸ்தா எது?" என்றுதான் கேட்பார்கள். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான குளத்தங்கரைச் சாஸ்தா கோயிலில் மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள்தான் ஒரு குடும்பத்தின் உண்மையான பட்டியல். அங்கேயும் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரின் பெயரை வேறு ஊரில் கேட்டால், அந்தக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்த கதை ஒன்றும் கூடவே இருக்கும். கொரியாவில் ஐந்து பேரில் ஒருவருக்குக் கிம் என்று பெயர் என்றாலும், கிம்ஹே ஊர் வழியா, கியோங்ஜு ஊர் வழியா என்று கேட்டுத்தான் உறவைப் பிரிப்பார்கள் என்றும், ஒரே பெயரும் ஒரே பூர்விக ஊரும் உடையவர்கள் மணம் செய்யக் கூடாது என்ற தடை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என 1997இல் அங்கே தீர்ப்பு வந்தது என்றும் இதே கையேடு சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் மாமா இரண்டு முறை படித்தார்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி ஒரு சொல். தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகப் பேசினார்; "சார், நீங்க லாஸ்ட் நேம்ல என்ன போடுறீங்களோ அதுதான் சார் வரும்" என்பதை மூன்று முறை சொன்னார். பாபநாசத்தைத் திருத்திப் புது வரைபடம் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள், கூரியர் செலவு 240 ரூபாயை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார்கள். அது சதாபிஷேகம் முடிந்த ஒன்பதாம் நாள் வந்தது. கொம்புகளும் அதில் சரியாக இருந்தன.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: கையேடு இல்லாமல் வரைபடத்தை மட்டும் 1,900 ரூபாய்க்கு விற்கிறார்கள், அது போதும். ஆனால் குடும்பப் பெயர்க் கட்டத்தை அதற்கும் நிரப்பியே ஆக வேண்டும்; அங்கே குலதெய்வம் இருக்கும் ஊரின் பெயரை எழுதுங்கள். குறிப்புப் பகுதியில் ஒவ்வோர் ஊருக்கும் அஞ்சல் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

திருத்தி வந்த வரைபடம் இப்போது என் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. மாமா அதை வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் வந்ததன் சட்டத்தைக் கழற்றி, பொதிகை மலைக்குக் கீழே ஏறத்தாழச் சரியான இடத்தில் அத்தையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, அதன் பக்கத்தில் சிவப்பு மையால் 'பாபநாசம்' என்று எழுதி, தலைப்பின் கொம்புகளையும் அடித்துத் திருத்தி, மறுபடியும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்.