கொழும்புக்கு மதுரையா, திருச்சியா? இராமநாதபுரத்திலிருந்து ஒரு கணக்கு

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் 30 கி.மீ. அளவுதான். 1964 புயலுக்கு முன்னால் ரயில் விட்டு இறங்கிக் கப்பல் ஏறிய ஊர் நம்முடையது. இன்றைக்குக் கொழும்புக்கு விமானம் ஏற முதலில் மேற்கே மதுரைக்கோ வடக்கே திருச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் இருக்கும் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனபோது நானும் இந்த இரண்டையும் வைத்து யோசித்தேன். மதுரையைத்தான் எடுத்தேன். அடுத்த முறையும் அதுதான்.

பறக்கும் நேரத்தில் வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டுமே ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. இறங்குவதும் கொழும்புக்கான ஒரே கட்டுநாயக்கா விமான நிலையத்தில். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். எனக்குக் கிடைத்த தேதியில் திருச்சி சில நூறு ரூபாய் குறைவாகவே இருந்தது.

ஆனால் செலவு தரையில்தான் இருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 115 கி.மீ. பரமக்குடி தாண்டினால் நான்குவழிச் சாலை, அப்புறம் ரிங் ரோடு; ஊருக்குள் நுழையவே வேண்டாம். திருச்சி நிலையம் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக 180 கி.மீ. வரும். 65 கி.மீ. தானே என்று தோன்றும். வாடகை வண்டிக்காரர் கணக்கு வேறு. வழியனுப்ப ஒரு நாள், கூட்டி வர ஒரு நாள், இரண்டு நாளும் போக வர. தூரத்தை நான்கால் பெருக்க வேண்டும்: மதுரைக்கு 460, திருச்சிக்கு 720. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த சில நூறு அந்த 260 கி.மீ.யில் காணாமல் போய்விடும். மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்கவும் வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அதற்கு மேல் இன்னும் ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

திருச்சிக்கும் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் விசாலமானது. நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் நகர நெரிசலில் மாட்ட மாட்டோம். பெட்டி குறைவாக, தனியாகப் போகிறவர் மானாமதுரை வழி ரயிலிலேயே திருச்சி போய்விடலாம். அவருக்கு என் நான்கு மடங்குக் கணக்கு பொருந்தாது.

போகிற இடம் யாழ்ப்பாணம் என்றால் கதையே வேறு. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ சிறிய ஏ.டி.ஆர். விமானம் விட ஆரம்பித்தது. நான் அதில் போனதில்லை. ஆனால் கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் வரை மறுபடி வடக்கே பஸ்ஸில் போவதை நினைத்தால், அங்கே போகிறவர்களுக்குத் திருச்சியையே சொல்வேன்.

எந்த ஊரில் ஏறினாலும் ஈ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியை இலங்கை அரசின் தளத்திலேயே முன்கூட்டி வாங்கி, ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான்.

மதுரையில் ஏறுகிறவர்கள் ஜன்னல் சீட் கேளுங்கள். விமானம் தென்கிழக்கே திரும்பி நம் மாவட்டத்துக் கரையைத் தாண்டித்தான் மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, கடல் வரும்வரை கீழே பார்த்துக்கொண்டே வந்தார்.