எடை குறைக்கிற காய்கறி டீ: நம்ம ஏரியா ஆளுங்க யாரும் வாங்கிடாதீங்க

வடசென்னைல தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் வாட்ஸ்அப் குரூப்ல "வீட்டுலயே செஞ்ச காய்கறி டீ, 15 நாள்ல 5 கிலோ கேரண்டி"ன்னு ஒரு பாக்கெட் சுத்திட்டு இருக்கு. 1,300 ரூபாய். தயவு செஞ்சு வாங்காதீங்க. நான் வாங்கி குடிச்சு பட்ட கதைய எழுதுறேன், கொஞ்சம் பாத்ரூம் சமாச்சாரம்தான், சாப்ட்டுட்டு இருக்கவங்க அப்புறமா படிங்க.

விக்கிறது எங்க ஏரியா அக்காதான், பேர் போடல. ஸ்டேட்டஸ் ஃபுல்லா முன்ன பின்ன போட்டோ, கேரட் பீட்ரூட் கோஸ் முருங்கைக்கீரை எல்லாம் மொட்டை மாடில வெள்ளைத் துணி விரிச்சு காய வைக்கிற வீடியோ, கெமிக்கல் இல்ல சைட் எஃபெக்ட் இல்லன்னு வாய்ஸ் நோட்டு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல போட்டு மூடி வச்சு வடிகட்டி குடிக்கணுமாம். ஜிபே பண்ணதும் ஒரு பையன் வண்டில கொண்டாந்து குடுத்துட்டு போனான். ஜிப் கவர், மேல ஒரு ஸ்டிக்கர், அதுல பேரும் போன் நம்பரும். உள்ள என்னென்ன இருக்கு, எப்ப செஞ்சது, எதுவும் கிடையாது.

மறுநாள் காலைலயே வயித்த முறுக்கி புடுங்க ஆரம்பிச்சுது. நான் எம்.சி. ரோட்ல துணிக்கடைல நிக்கிற ஆளு, முகூர்த்த சீசன், எங்க மாடில இருக்க அத்தனை ஸ்டாஃபுக்கும் சேத்து ஒரே ஒரு பாத்ரூம், கஸ்டமருக்கு பட்டுப்புடவைய விரிச்சுப் போட்டுட்டு "ஒரு நிமிஷம்கா"ன்னு ஓடுனா திரும்பி வரும்போது அந்தக்கா பக்கத்து கவுண்டர்ல பில் போட்டுட்டு இருப்பாங்க. சூப்பர்வைசர் மொறைக்கிறார். ஒருநாள் ஷேர் ஆட்டோவுல போயிட்டு இருக்கப்பவே தாங்க முடியாம தண்டையார்பேட்டை மெட்ரோ கிட்ட இறங்கி ஓடினேன், அந்த ஸ்டேஷன் பாத்ரூம் கட்டுனவங்க நல்லா இருக்கணும்.

அந்த அக்கா கிட்ட கேட்டா "கழிவு எல்லாம் வெளிய போகுது டியர், உங்களுக்கு டாக்ஸின் ஜாஸ்தி, ரெண்டு ஸ்பூனா போட்டு குடிங்க"ன்றாங்க! மெஷின்ல கிட்டத்தட்ட ரெண்டு கிலோ கம்மியா காட்டுச்சு, அத போட்டோ எடுத்து அனுப்புனேன், என்னை கேக்காமலே ஸ்டேட்டஸ்ல போட்டு அதுலயும் வியாபாரம். அந்த ரெண்டு கிலோவும் ஒழுங்கா சாப்ட்டு தண்ணி குடிச்ச உடனே திரும்பி வந்துடுச்சு, அத ஸ்டேட்டஸ்ல போடல.

ராத்திரில கெண்டைக்கால் இழுத்து புடிக்குது, எழுந்தா தலை சுத்துது. இதுல அம்மாவும் "காய்கறி தானே"ன்னு குடிச்சிருக்காங்க. அவங்க பிபிக்கு மாத்திரை போடுறவங்க, அதுல நீர் போக வைக்கிற மருந்தும் சேந்து இருக்கு. அவங்க நடக்கவே முடியாம சோர்ந்து உக்காந்தப்புறம்தான் டாக்டர் கிட்ட கூட்டிட்டு போனேன், ரத்த டெஸ்ட்ல பொட்டாசியம் கம்மி. பேதி ஒரு பக்கம் நீர் மாத்திரை ஒரு பக்கம்னு ரெண்டும் சேந்து பொட்டாசியத்த இழுத்துடும், ரொம்ப இறங்குனா இதயத் துடிப்பே தாறுமாறாகும்னு டாக்டர் சொன்னதும் எனக்கு கை கால் ஓடல.

வீட்டுக்கு வந்து பாக்கெட்ட பேப்பர்ல கொட்டி கிளறிப் பாத்தேன். சிவப்பா பீட்ரூட் துணுக்கு, சுருண்டு போன கேரட் சீவல் கொஞ்சம், அதெல்லாம் சும்மா மேல தூவுன மாதிரி. மிச்சம் பூரா இலை, நீளமா நுனி கூரா, மஞ்சப்பச்சையா, காம்பு பக்கம் ஒரு சைடு ஏத்தமா ஒரு சைடு இறக்கமா. மின்ட் ஏரியால இருக்க ஒரு நாட்டு மருந்து கடைல கொண்டு போய் காட்டுனேன். பெரியவர் உள்ளங்கைல வச்சு ஒரு தடவ மோந்து பாத்துட்டு "இது நிலாவாரைம்மா, பேதிக்கு குடுக்கறது, இன்னாத்துக்கு தினமும் குடிக்கிற?"ன்னார். திருநெல்வேலி பக்கம் விளையறது, வெளிநாட்டுக்கே ஏத்துமதி ஆகுது, மலச்சிக்கல்னா கொஞ்ச நாளைக்கு அளவா எடுக்கலாம், நல்ல சரக்குதான்னார். அவர் கடைல 100 கிராம் 50 ரூபாய் கூட இல்ல. எனக்கு 1,300!

நிலாவாரை, அதான் சென்னா, வேலை செய்யறது பெருங்குடல்ல. குடிச்சு 6லேந்து 12 மணி நேரத்துல புடுங்கும், அதான் ராத்திரி குடிக்க சொல்றாங்க. ஆனா நாம சாப்ட்ட சோத்தோட சத்தெல்லாம் அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உடம்புல சேந்துடுது, அப்ப வெளிய போறது தண்ணியும் உப்பும்தான், கொழுப்பு ஒரு சொட்டு கரையாது. கேரட் பீட்ரூட்ட கொதிக்க வச்சு குடிச்சாலும் எடை குறையாது, ஆனா அது பேதியாச்சும் பண்ணாது.

காச திருப்பி கேட்டேன். "உங்க பாடிக்கு செட் ஆகல, ப்ராடக்ட் மேல தப்பு இல்ல"ன்னு ஒரு மெசேஜ், அப்புறம் பிளாக், குரூப்ல இருந்தும் தூக்கிட்டாங்க. வீட்டுல செஞ்சு விக்கிறத நான் குறை சொல்லல, எங்க தெருவுலயே ஊறுகாய் வடகம் போட்டு பிழைக்கிற அக்காங்க இருக்காங்க. ஆனா வீட்டுல செஞ்சு வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், பாக்கெட் மேல 14 இலக்க நம்பர் இருக்கணும், என்னென்ன சேத்திருக்குன்னு எடை ஜாஸ்தியானதுலேந்து வரிசையா போடணும். அப்படி போட்டா நிலாவாரைதானே மொதல்ல வரும், எப்படி போடுவாங்க? உடல் பருமன குணமாக்குவேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ல வந்த சட்டப்படி தப்பு.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல சொல்லியிருக்கேன், உணவு பாதுகாப்பு ஆபீஸ்லயும் எழுதி குடுத்துட்டேன். இப்ப அதே நம்பர்ல புது குரூப் ஓடுது, டீ பேர மாத்தி "காய்கறி சூப் பவுடர்"னு, ஸ்டிக்கர் கூட அதே டிசைன்தான். உங்க வீட்டுல யாராவது வாங்கியிருந்தா, முக்கியமா பிபி, இதய மாத்திரை போடுற பெரியவங்க, இந்த டீய இன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர் கிட்ட சொல்லுங்க. பாக்கெட்ட மட்டும் குப்பைல போட்டுடாதீங்க, ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோட எடுத்து வைங்க, புகார் குடுக்க தேவைப்படும்.