தில்லியில் கிடைக்கும் பள்ளிச் சிறுவர் முகக்கவசங்கள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

தீபாவளி முடிந்து புகைமூட்டம் கவிந்ததும், கரோல் பாக், ஆர்.கே.புரம் பகுதி மருந்துக் கடைகளில் சிறுவர் முகக்கவசங்கள் மீண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. தில்லிப் பிள்ளைகளுக்கு இவை புதியவை அல்ல. கொரோனா வருவதற்கு முன்பே, 2019 நவம்பரில், காற்று மாசின் பொருட்டு மாநில அரசு பள்ளி மாணவர்களுக்கு 50 லட்சம் முகக்கவசங்களை வழங்கத் தொடங்கியது. அப்போது பெற்றோரிடையே வாக்குவாதம் மூண்டதாக எனக்கு நினைவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் வகுப்பறைகள் திறந்தபோதுதான் "குழந்தைக்கு இது தேவையா" என்று இரு அணிகளாகப் பிரிந்தோம். எந்த முகக்கவசம், எந்த அளவு, எத்தனை மணி நேரம் என்று இரு அணியினருமே கேட்கவில்லை. அக்காலத்தில் தொடக்கப் பள்ளியில் படித்த என் மகள் துணி, மூன்றடுக்கு, என்95 ஆகிய மூன்று வகைகளையும் அணிந்து பள்ளிக்குச் சென்றவள் என்பதால், இந்த மதிப்பீட்டை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் வயது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்றது. நம் சுகாதாரத் துறையும் 2021 ஜூனில் ஏறத்தாழ அதையே சொன்னது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமோ 2 வயது முதலே அணியப் பரிந்துரைத்தது. 6 முதல் 11 வயது வரையுள்ளவர்கள், பாதுகாப்பாக அணியும் திறன் இருந்தால், பெற்றோரின் நேரடிக் கண்காணிப்பில் அணியலாம் என்பது அன்றைய இந்திய விதி. தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அந்த வயதினர். வகுப்பறையிலோ பெற்றோர் எவரும் இல்லை. 2022 பிப்ரவரி 14 அன்று தில்லியில் நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை மீண்டும் திறந்தபோது, அந்தக் கண்காணிப்பு முழுவதும் வகுப்பாசிரியை ஒருவரின் தலையில் விழுந்தது. ஆகவே யாரும் கவனிக்காமலேயே முகத்தில் ஒழுங்காக நிற்கக்கூடியதா என்பதே ஒரு சிறுவர் முகக்கவசத்துக்கு நான் வைக்கும் முதல் சோதனை.

அந்தச் சோதனையில் துணிக் கவசம் தோற்றுவிடுகிறது. சீருடைக் கடைகளில் பள்ளிச் சின்னத்தோடும், சரோஜினி நகர் சந்தையில் பொம்மைப் படங்களோடும் விற்ற இரட்டைத் துணிக் கவசங்கள் பார்க்க அழகானவை, துவைத்தும் பயன்படுத்தலாம். ஆனால் பிள்ளை வாய் திறந்து பாடம் சொல்லச் சொல்ல, துணி மூக்கை விட்டு இறங்குகிறது. எச்சிலும் வேர்வையும் ஊறி, மதிய உணவுக்கு முன்பே கனக்கிறது. மூக்குக் கம்பி இல்லாதவற்றை வாங்கவே வேண்டாம். வங்கதேசக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில், மூன்றடுக்கு அறுவைச் சிகிச்சை முகக்கவசங்கள் தந்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. துணிக் கவசங்களுக்கு அவ்வளவு தெளிவான பயன் தெரியவில்லை. அந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது என்பதை மறந்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் அதை வீசிக்கொண்டன என்பது வேறு கதை.

அதிகம் ஏமாறக்கூடிய இடம் "கிட்ஸ் என்95" என்று அச்சிட்ட பாக்கெட்டுதான். என்95 என்பது அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பணியிடங்களில் உழைக்கும் பெரியவர்களுக்காக வகுத்த தரம். சிறுவர் அளவுக்கு அந்த அமைப்பு சான்று தருவதில்லை. நம் நாட்டில் இத்தகைய கவசங்களுக்கான தரம் ஐஎஸ் 9473. ஐஎஸ்ஐ முத்திரையோடு அந்த எண்ணும் உரிம எண்ணும் அச்சாகியிருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். நான் வாங்கிய ஒரு பாக்கெட்டில் அரை டஜன் வெளிநாட்டு முத்திரைகள் இருந்தன, இந்த எண் மட்டும் இல்லை. "துவைத்து அணியலாம்" என்ற வாசகத்தையும் நம்ப வேண்டாம்: நடு அடுக்கின் மின்னேற்றம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது, சோப்பும் சானிடைசரும் அதைக் கெடுத்துவிடும். வால்வு வைத்தவை வெளிவிடும் மூச்சை வடிகட்டாமல் அனுப்புகின்றன என்று 2020 ஜூலையிலேயே சுகாதார அமைச்சகம் எச்சரித்தது. புகைக்கு மட்டும் என்றால் பாதகமில்லை, காய்ச்சல் பரவும் வகுப்புக்கு உதவாது. எல்லாம் சரியாக இருந்தாலும் கன்னத்தில் இடைவெளி விழுந்தால் 95 சதவீதத் துகள்களைத் தடுக்கும் என்பது காகிதத்தோடு நின்றுவிடும். கண்ணாடி அணியும் பிள்ளையாக இருந்தால் சோதிப்பது எளிது: மூச்சு விட்டவுடன் கண்ணாடி பனித்தால் மூக்கருகே காற்று கசிகிறது.

எங்கள் வீட்டில் நிலைத்தது சிறுவர் அளவிலான மூன்றடுக்குக் கவசம். 2020 மார்ச்சில் ஒன்றுக்கு 10 ரூபாய் என்று மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்த பொருள், இன்று பெட்டியாக வாங்கினால் அதைவிட வெகு மலிவு. பெரியவர்களுக்கானது ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர் அகலம், சிறுவருக்கானது 14.5, அகலத்தை அளந்து பார்த்து வாங்குவது நல்லது. காதுப் பட்டையை ஓரத்தில் முடிச்சிட்டு மடிப்பை உள்ளே செருகினால் கன்னத்தோடு ஒட்டும். குறைகள் இல்லாமலில்லை. எலாஸ்டிக் காதின் பின்புறத்தை உரசிச் சிவக்க வைக்கிறது. உணவு இடைவேளையில் மாற்ற இன்னொன்றும், கழற்றியதைப் போட ஒரு பையும் தந்தனுப்ப வேண்டும். அந்த இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் கவசமின்றி எதிரெதிரே அமர்ந்து உண்டார்களே என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எந்தத் தயாரிப்பிலும் விடை இல்லை.

மூச்சு முட்டும், கரியமில வாயு ஏறும் என்ற அச்சத்துக்கு ஆதாரமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2021 ஜூலையில் திரும்பப் பெற்றது. என் மகள் மூச்சைப் பற்றிக் குறை சொன்னதில்லை, காது வலியைப் பற்றித்தான் சொன்னாள். பயனைப் பற்றிய சான்றும் ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் முகக்கவசக் கட்டாயத்தை நீக்கிய பள்ளி மாவட்டங்களில், 15 வாரங்களில் ஆயிரம் பேருக்குச் சுமார் 45 தொற்றுகள் கூடுதலாகப் பதிவாயின. கட்டாயத்தைத் தொடர்ந்த மாவட்டங்கள் வேறு வகையிலும் மாறுபட்டவை என்ற ஆட்சேபமும் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் கட்டாயம் இருந்த 6 வயதினரையும் இல்லாத 5 வயதினரையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறு வயதினருக்குக் கட்டாயம் கூடாது, பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு அலை உயரும் வாரங்களில் பயனுண்டு என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆசிரியர்களுக்கென்று உதடு தெரியும்படி நெகிழிச் சாளரம் வைத்த கவசமும் விற்பனைக்கு வந்தது. தில்லியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை, வீட்டுக்கு வெளியே தமிழே கேளாத பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொண்டு லகர ளகர ழகர வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டிய நிலையில் இருந்தவர் என்பதால், அதை ஆவலோடு வரவேற்றோம். பாடம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சாளரம் ஆவி படிந்து மங்கியது. அதற்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

இப்போது வாங்குவோருக்கு: பள்ளி நேரத்துக்கு மூன்றடுக்குச் சிறுவர் அளவு, புகை கடுமையான நாள்களில் பேருந்துக்கும் நடைக்கும் ஐஎஸ் 9473 முத்திரையுள்ள, முகத்துக்குப் பொருந்தும் சிறிய அளவு. மொத்தமாக வேண்டுமானால் சாந்தினி சௌக் பகீரத் பேலஸ் கடைகளில் விலை குறையும். உற்பத்தியாளர் முகவரியும் தேதியும் இல்லாத பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.