விளக்கு மாற்றிய பிறகு: கையடக்க நிறமாலைமானியோடு சில கரும்புப் பருவங்கள்

ரீயூனியனில் கரும்பு ஆய்வில் இருக்கும் நண்பர் ஒருவர், கையடக்க அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானியின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். மொரீஷியஸில் எங்கள் ஆய்வுக்குழு அதே கருவியைச் சில அறுவடைப் பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறது. அண்மையில்தான் அது பழுதுபார்த்துத் திரும்பி வந்தது. அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்துத் தருகிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கரும்பு முற்றிவிட்டதா என்று அறிய, தண்டைத் துளைத்துச் சாறெடுத்து ஒளிவிலகல்மானியில் பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும், பெரும்பாலும் சர்க்கரையான, பொருளின் அளவு) பார்ப்பதே வழக்கம். துளைத்த தண்டில் நோய் புகலாம். அடுத்த வாரம் அதே தண்டை நம்பி அளக்க முடியாது. இக்கருவிக்குத் துளை வேண்டாம். சோகையை உரித்து, கணுவிடையில் படிந்த வெண்மெழுகைத் துணியால் துடைத்து, பருவின் மேல் படாமல் முனையை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் எண் வந்துவிடுகிறது. நுனியின் பிரிக்ஸ் அடியின் பிரிக்ஸை மெல்ல மெல்ல எட்டிப்பிடிப்பதை, ஒரே தண்டில் வாரந்தோறும் கண்ணால் காண்பது இக்கருவி வருவதற்கு முன் எங்களுக்குக் கிட்டாத பேறு.

ஆனால் அந்த எண் நேரே அளந்து வந்ததன்று, தண்டில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமாலையிலிருந்து கணித்து வந்தது. 900 முதல் 1700 நானோமீட்டர் வரையிலான வீச்சில் சர்க்கரையின் தடயம் மங்கலானது; 1450 நானோமீட்டரை ஒட்டி நீர் ஒளியை உட்கவரும் பெரும்பட்டையோ எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நிற்கிறது. வெப்பம் ஏறினால் நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து அப்பட்டை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. ஆகவே பாம்ப்ளமூஸ் வெயிலில் நிற்கும் கரும்பையும் க்யூர்பிப் பக்கத்து மேட்டுநிலக் குளிரில் நிற்கும் கரும்பையும் நிறமாலையைப் பிரிக்ஸாக மாற்றும் ஒரே கணித மாதிரியைக் கொண்டு கணிக்க வேண்டுமானால், இரண்டு இடத்து நிறமாலைகளையும் பார்த்தே அந்தக் கணித மாதிரி பயின்றிருக்க வேண்டும். ஒரே தண்டின் பல அளவீடுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகக் கலந்து பிரித்துவிட்டு, மாதிரி ஏற்கெனவே பார்த்த தண்டிலேயே உயர்ந்த துல்லியம் காட்டுவது இத்துறையில் பரவலான நோய். தோட்டம் தோட்டமாகப் பிரித்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

என் கோபம் இதன் மேல் அன்று. ஹாலஜன் விளக்கு மங்கியதால் கருவியை அனுப்பினோம்; புது விளக்கோடு வந்தது. அன்றிலிருந்து ஒப்பீட்டுக்கான வெள்ளைத் தகட்டில் எத்தனை முறை சரிபார்த்தாலும், ஒளிவிலகல்மானி காட்டுவதைவிட ஏறக்குறைய ஒரு பிரிக்ஸ் கூடுதலாகவே காட்டுகிறது. ஒளியியல் பகுதியைத் திறந்து மூடினால் இப்படி நேர்வது இயல்பே, அதற்கு மருந்தும் பழையதே: சில தண்டுகளை இரண்டு வழியிலும் அளந்து சாய்வையும் விலகலையும் திருத்தலாம், ஒரு கருவியின் நிறமாலையை இன்னொன்றுக்குப் பெயர்க்கும் துண்டுவாரித் தரப்படுத்தல் முறை 1991 முதல் வேதியளவையியலில் (வேதியியல் தரவைக் கணிதத்தால் ஆராயும் துறையில்) புழங்குகிறது. இவற்றில் ஒன்றையும் கருவிக்குள் செய்ய முடியவில்லை. கருவியோடு வரும் செயலி நிறமாலையைத் தர மறுத்து முடிவெண்ணை மட்டும் தருகிறது. திருத்தக் கெழுவை உள்ளிடவும் இடமில்லை. எங்கள் வயலில், எங்கள் கையால் எடுத்த நிறமாலை எங்களுக்கே பூட்டிக் கிடக்கிறது. மறு அளவுத்திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு விற்கும் கருவியில் இது வேறு, ஆய்வுக்கென்று விற்கும் கருவியில் இது பெருங்குற்றம். கட்டுரையில் ஓர் எண்ணை எழுதினால் அது எப்படி வந்தது என்று மதிப்பாய்வாளர் கேட்பார். காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.

நியாயமாகச் சொன்னால் கருவியின் உடல் உறுதியானது. தூறலிலும் செம்மண்ணிலும் அடிபட்டும் உழைக்கிறது, மின்கலமும் நாள் முழுதும் தாங்குகிறது. இருந்தும் நண்பரை வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். மூல நிறமாலையைக் கோப்பாக எடுக்கலாம் என்று விற்பவர் எழுதித் தந்தால், குறைத்த விலைக்கு அல்ல, பழைய விலைக்கே வாங்கலாம்.