சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: ஈபே பிரிட்டன் தளம் குறித்து ஒரு மதிப்புரை

பழைய சென்னையின் படங்கள் அச்சான அஞ்சலட்டைகளைத் தேடுகிறவர்களுக்கு, இணைய ஏலச் சந்தையான ஈபேயின் பிரிட்டன் தளத்தைவிட நல்ல சந்தை இன்று வேறு இல்லை என்றே சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட சென்னைக் காட்சிகளைப் பட்டாளத்துக்காரர்களும் அதிகாரிகளும் வாங்கி இங்கிலாந்திலிருந்த தங்கள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய வாரிசுகள் பரணைக் காலி செய்யும்போது அந்த அட்டைகள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வருகின்றன. தேடுவதும் ஏலம் கேட்பதும் பணம் கட்டுவதும் இந்தத் தளத்தில் எந்தச் சிரமமும் தராதவை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஓயாமல் மனத்தாங்கல் வருவது தபால் கட்டணத்தில்தான். மூன்று பவுண்டுக்குப் படிந்த அட்டைக்கு நான்கு பவுண்டு தபால் செலவு என்று கட்டணப் பட்டியல் வரும்போது, சுண்டைக்காய்க்கும் சுமைகூலிக்குமான பழமொழி நம்மவர் எவருக்கும் நினைவுக்கு வராமல் போகாது. ஆகவே இந்த மதிப்புரையில் தளத்தின் மற்ற வசதிகளை விட்டுவிட்டு அந்த ஒரு விஷயத்தையே பார்க்கிறேன்.

இந்தப் பூசலுக்கு விற்பவரின் பேராசையை மட்டும் காரணம் காட்டினால் அது பாதி உண்மையே ஆகும். தளத்தின் விதிகளே நெடுங்காலம் அதற்கு வழி திறந்து வைத்திருந்தன. 1995-இல் பியர் ஒமிடியார் கலிஃபோர்னியாவில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கிய இந்தத் தளம், பல ஆண்டுகள் ஏலத்தில் படிந்த விலைக்கு மட்டுமே தரகு வசூலித்தது. தபால் கட்டணத்துக்குத் தரகு கிடையாது. இதன் விளைவை ஊகிப்பது கடினமல்ல. ஒரு பென்னிக்குப் பொருள், ஐந்து பவுண்டுக்குத் தபால் என்று விளம்பரம் போட்டால், தரகு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். விலை வரிசையில் தேடுகிறவருக்கு அந்தப் பொருளே முதலில் தெரியும். பொருளின் விலையையும் தபால் கட்டணத்தையும் கூட்டி வரிசைப்படுத்தும் வசதி வந்த பிறகு இரண்டாவது ஆதாயம் குறைந்தது. முதல் ஆதாயத்தை ஒழிக்க, அமெரிக்கத் தளத்தில் 2011-இலும் பின்னர் பிரிட்டனிலும் தபால் கட்டணத்தின் மீதும் தரகு விதித்தார்கள். அந்த மருந்து நோயாளியோடு சேர்த்து நோயில்லாதவரையும் படுத்தியது. தனிநபர் விற்பனையாளர்களுக்கான தரகு 2024 அக்டோபரில் நீக்கப்படும் முன், அது மொத்தத் தொகையில் 12.8 விழுக்காடும் அதற்கு மேல் 30 பென்ஸுமாக இருந்தது. உண்மையான செலவான நான்கு பவுண்டை மட்டுமே கேட்ட நேர்மையானவர், தபால் நிலையத்தில் அந்த நான்கு பவுண்டையும் கொடுத்துவிட்டு, அதற்கான தரகாகத் தளத்துக்கும் 51 பென்ஸ் தர வேண்டியிருந்தது. எனவே அவரும் தபால் கட்டணத்தைச் சற்று ஏற்றிப் போடத் தொடங்கினார். ஏமாற்றுபவரும் ஈடுகட்டுபவரும் ஒரே மாதிரித் தோன்றும் நிலை அப்போதுதான் உருவானது என்பது என் கணிப்பு.

வாங்குபவரின் கையில் இதற்கு எதிராகக் கொடுக்கப்பட்ட ஆயுதம் நட்சத்திரங்கள். 2007-இல் வந்த நான்கு தனி மதிப்பீடுகளுள் மூன்று பொருளின் விவரம், விற்பவரின் தொடர்பு, அனுப்பும் வேகம் ஆகியவற்றைப் பற்றியவை. நான்காவது தபால் கட்டணம் நியாயமானதா என்பது. யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பது விற்பவருக்குத் தெரியாது. கட்டணம் ஏலப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, அதைப் பார்த்து ஒப்புக்கொண்டுதானே விலை கேட்டார்கள், பிறகு எதற்காக நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள் என்று விற்பவர்கள் குமுறினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தபால் இலவசம் என்று போட்டால் ஐந்து நட்சத்திரமும் தானாகவே கிடைக்கும் என்று பிறகு விதி வந்தபோது, பலர் தபால் செலவை ஆரம்ப விலைக்குள் நுழைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அதற்கும் முன்பு நிலைமை இன்னும் மோசம்: கட்டணம் அதிகம் என்று வாங்குபவர் குறை எழுதினால், விற்பவரும் பதிலுக்கு அவர் மீது குறை எழுதிவிடுவார் என்ற அச்சத்தில் பலர் வாயைத் திறக்கவில்லை. வாங்குபவர் மீது விற்பவர் எதிர்மறைக் கருத்து எழுத முடியாது என்று 2008-இல் விதியை மாற்றினார்கள். அதன் பிறகு அச்சம் இடம் மாறி விற்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

உறை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வழக்கு தொடங்குவதற்குக் காரணம், அதன் மேல் ஒட்டியிருக்கும் தபால் தலையே. இரண்டாம் வகுப்புக் கடிதத்துக்கு பிரிட்டன் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் 87 பென்ஸ். முதல் வகுப்புக்கு 1.70 பவுண்டு. நான்கு பவுண்டு கொடுத்தவர் உறையில் 87 பென்ஸ் தபால் தலையைப் பார்த்தால் மீதி எங்கே போனது என்று கேட்கத்தான் செய்வார். ஆனால் உறையைப் பிரித்துப் பார்த்தால் வேறு கணக்கும் தெரியும். கவனமுள்ள விற்பனையாளர் அட்டையை முதலில் மெல்லிய ஒளிபுகும் உறைக்குள் இடுவார். அதை இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, நகராதபடி மூலைகளில் பசைத்தாள் ஒட்டுவார். முதுகில் கெட்டி அட்டை வைத்த உறைக்குள் செருகி, மடக்க வேண்டாம் என்று எழுதுவார். உறைக்கும் அட்டைகளுக்கும் நாற்பது பென்ஸாவது ஆகும். தொழில்முறை விற்பனையாளர் என்றால் தரகும் சேரும். எல்லாம் கூட்டினால் ஒன்றரைப் பவுண்டை நெருங்கிவிடும். பொருள் செலவையும் கையாளும் உழைப்பையும் நியாயமான அளவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தளத்தின் விதியும் சொல்கிறது. ஆகையால் ஒற்றை அட்டைக்கு இரண்டு பவுண்டு கேட்பவரிடம் எனக்கு வழக்கில்லை. நான்கு பவுண்டு கேட்பவர் பொருளின் விலையில் ஒரு பகுதியைத் தபால் என்ற பெயரில் வாங்குகிறார். அதை அறிந்தே நான் ஏலத்தொகையைக் குறைத்துக் கேட்கிறேன்.

அட்டைக்கு எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு ஆல்பம், புத்தகம், சட்டமிட்ட படம் என்று போகும்போது சிக்கலாகிவிடுகிறது. ராயல் மெயில் 2006 ஆகஸ்டிலிருந்து எடையோடு அளவையும் பார்த்தே கட்டணம் வாங்குகிறது. 240-க்கு 165 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர், எடை 100 கிராம் என்ற வரம்புக்குள் இருந்தால் கடிதம். 353-க்கு 250 மில்லிமீட்டர், தடிமன் 25 மில்லிமீட்டர், எடை 750 கிராம் வரை பெரிய கடிதம். அதைத் தாண்டினால் பார்சல். பொருள் உடையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் குமிழித் தாளை இன்னொரு சுற்றுச் சுற்றினாலே உறை அடுத்த வகைக்குப் போய்விடும். பொருளைக் கட்டுவதற்கு முன்பே ஏலப் பக்கத்தில் கட்டணத்தை எழுத வேண்டியிருப்பதால், விவரம் அறியாத விற்பனையாளர் பயந்து கூடுதலாகவே எழுதுகிறார். குறைவாக எழுதி, குறைவான தபால் தலை ஒட்டி அனுப்புகிறவரும் உண்டு. அப்போது நம் வீட்டுக் கதவுக்குள் பொருளுக்குப் பதில் ஓர் அறிவிப்புச் சீட்டு வந்து விழும். விடுபட்ட கட்டணத்தையும் அதற்கு மேல் ஒரு கையாளும் தொகையையும் நாம் செலுத்திய பிறகே உறை கிடைக்கும். என்னைக் கேட்டால், கூடுதலாக வாங்குகிறவரைவிட இவரே அதிகத் தொல்லை தருபவர்.

உண்மையான குறை இருப்பது பல பொருள்களை ஒருவரிடமே வாங்கும்போது. விற்பனையாளர் ஒருவர் சேர்த்து அனுப்பினால் தபாலில் தள்ளுபடி உண்டு என்று விவரத்தில் எழுதியிருந்தார்; அதை நம்பி அவரிடம் சில அட்டைகளை ஏலத்தில் எடுத்தேன். பட்டியலில் ஒவ்வோர் அட்டைக்கும் முழுத் தபால் கட்டணம் தனித்தனியே இருந்தது. விசாரித்தபோது, தள்ளுபடி ஐந்தாவது அட்டையிலிருந்துதான் தொடங்கும் என்று பதில் வந்தது. அந்த ‘ஐந்தாவது’ என்ற சொல் ஏலப் பக்கத்தில் எங்கும் இல்லை. எல்லா அட்டைகளும் ஒரே உறையில், ஒரே தபால் தலையோடு வந்து சேர்ந்தன. விற்பனையாளர் தனக்கான தள்ளுபடி விதியைத் தளத்தில் பதிந்து வைக்க வசதி இருக்கிறது. பதிந்து வைத்தால் பட்டியலில் கட்டணம் தானாகக் குறையும். ஆனால் அது கட்டாயமில்லை. வாய்மொழி வாக்குறுதியைப் போல விவரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, பட்டியலில் வேறு தொகை கேட்க இடம் இருக்கிறது. ஒரே விற்பனையாளரிடம் இரண்டாவது பொருளுக்கு விலை கேட்கும்போதே மொத்தத் தபால் கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதைத் தளம் காட்டிவிட்டால், இந்த வகைச் சச்சரவுகளில் பெரும்பகுதி எழவே எழாது.

பொருளைத் திருப்பி அனுப்பும்போது யார் தபால் செலவை ஏற்பது என்பதில் வாங்குபவர்கள் தங்கள் உரிமையை அறியாமலே பணத்தை விட்டுவிடுகிறார்கள். பொருள் விவரித்தபடி இல்லை என்றால் தளத்தின் பணத்திருப்ப உத்தரவாதப்படி திருப்பி அனுப்பும் செலவு விற்பவருடையது. முதலில் கட்டிய தபால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மனம் மாறித் திருப்புவதில்தான் குழப்பம். 2014 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள பிரிட்டனின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, தொழில்முறை விற்பனையாளரிடம் தொலைவிலிருந்து வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். நேரில் சென்று கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு மட்டுமே இதில் விலக்கு என்பதால், இணைய ஏலமும் இந்த உரிமைக்குள் அடங்கும். விற்பனையாளர் பொருளின் விலையோடு சாதாரணத் தபால் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நாமாகக் கேட்டு வாங்கிய விரைவுத் தபாலின் கூடுதல் தொகையைத் தர வேண்டியதில்லை. திருப்பி அனுப்பும் செலவு, முன்கூட்டியே அப்படி அறிவித்திருந்தால், நம்முடையது. தனிநபர் விற்பனையாளரிடம் இந்த உரிமை கிடையாது. நடைமுறையில், மூன்று பவுண்டு அட்டையின் மூலையில் சொல்லாமல் விட்ட மடிப்பு இருந்தால், பல விற்பனையாளர்கள் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அவ்வளவு சிறிய தொகைக்காக அதைத் திருப்பி வாங்கும் செலவும் சிரமமும் அவர்களுக்குக் கட்டுபடியாகாது.

2025-இல் தனிநபர் விற்பனையாளர்களுக்கு ‘சிம்பிள் டெலிவரி’ என்ற முறை வந்தது. வாங்குபவர் கட்டும் தபால் பணம் விற்பவர் கைக்குப் போகாமல் தளத்திடம் போகிறது. விற்பவர் எடையையும் அளவையும் குறிப்பிட்டால் போதும், ஒட்டவேண்டிய சீட்டைத் தளம் தருகிறது. கட்டணத்தை ஏற்றிச் சொல்லி ஆதாயம் பார்க்க இதில் வழியில்லை. பார்சலின் போக்கும் பதிவாகிறது. பார்சல்களைப் பொறுத்தவரை இது வாங்குபவருக்கு நல்லதே. ஆனால் எடையைத் தவறாகக் குறிப்பிட்ட விற்பவரும் தளமும் மோதிக்கொள்ளும் புதிய சண்டை இதில் தொடங்குகிறது. தன் பொருளை எந்த நிறுவனத்தின் வழியாக, எப்படி அனுப்புவது என்று பல ஆண்டு பழக்கத்தில் முடிவெடுத்து வந்த முதியவர்களுக்கு இந்த முறை எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து இத்தகைய அட்டைகளை வாங்குகிறவர் வெளிநாட்டுத் தபால் கட்டணத்தைக் கணக்கிட்டே விலை கேட்க வேண்டும். இந்தியாவுக்கு அனுப்ப மறுக்கும் பிரிட்டன் விற்பனையாளர்களும் உண்டு. பக்கத்தில் இந்தியா என்று தெளிவாக இல்லாவிட்டால், கேட்டு உறுதிசெய்யாமல் ஏலத்தில் இறங்க வேண்டாம். அந்தக் கேள்வியைத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே கேளுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்தப் பதில் ஆதாரமாக நிற்கும்.

தபால் கட்டணத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால், ஒற்றை அட்டைகளுக்கும் சிறு காகிதப் பொருள்களுக்கும் ஐந்துக்கு நான்கு தருவேன், பார்சல்களுக்கு மூன்றரை. ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குவதற்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.