புயல் தங்குமிடம்: போர்டா கேபினா, ப்ரீகாஸ்ட்டா, அங்கேயே வார்ப்பதா?

மண்டபம், பாம்பன், மூக்கையூர் என்று எந்தக் கடலோர ஊரை எடுத்தாலும், புயல் தங்குமிடத்துக்கு மூன்று வழிகள்தான் பேசப்படுகின்றன: ஆலையில் செய்து லாரியில் வரும் போர்டா கேபின், வார்த்துக் கொண்டுவந்து பூட்டும் ப்ரீகாஸ்ட், சென்ட்ரிங் அடித்து அங்கேயே வார்க்கும் கான்கிரீட். விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். விற்பவர் கையில் தரும் உறுதிச் சான்று பெட்டிக்கு மட்டுமா, அது நிற்கப்போகும் மண்ணுக்கும் சேர்த்தா?

காற்றுக் கணக்குக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி (2015) இருக்கிறது. கிழக்குக் கரையில் புயல் தங்குமிடம் போன்ற கட்டடங்களுக்கு அடிப்படைக் காற்று வேகத்தை 1.30ஆல் பெருக்கச் சொல்கிறது. சாதாரண வீட்டுக்கு 1.00. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், இந்தப் பெருக்கல் விடுபட்டால் 69 சதவீதக் கூடுதல் அழுத்தம் கணக்கிலேயே வராது. விற்பனைத் தாளில் "விநாடிக்கு 50 மீட்டர் தாங்கும்" என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். 1.30ஆல் பெருக்கினால் 50 என்பது 65 ஆகும். அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 258 கிலோ.

இதை ஒரு 20 அடி கன்டெய்னர் கேபினில் போட்டுப் பாருங்கள். காலியாக அதன் எடை 2.2 டன் அளவில்தான் இருக்கும். நீளவாக்குச் சுவரில் விழும் தள்ளல் மட்டும் 4 டன். கூரையை மேலே இழுக்கும் விசையையும் சேர்த்தால், காற்று வரும் பக்கத்து மூலை ஒவ்வொன்றிலும் சுமார் ஒன்றரை டன் இழுவை. பாதுகாப்புக் காரணி 1.5 வைத்தால் மூலைக்கு 1 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ராமேசுவரம் தீவு மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களில் கான்கிரீட்டின் எடையை நீர் குறைத்துவிடுவதால் 1.6 கன மீட்டர் வரை போகும். நடப்பதோ நான்கு ஹாலோ பிளாக்கின் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் போவதுதான்! போல்ட் அடித்தாலும், உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அடித்தகடும் போல்ட்டும் சேரும் இடம். பெயின்ட் அடித்த மேல்பக்கத்தைப் பார்த்தால் அது தெரியாது.

தண்ணீர் இன்னும் மோசம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் கடல் ரயிலையே கொண்டுபோனது. நீர் புகாத கன்டெய்னர் காலியாக இருந்தால் 15 செ.மீ. தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கும். 30 பேர் ஏறினாலும் 27 செ.மீ. போதும். 30 பேர் என்ற எண்ணிக்கையே தவறு என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் ஐ.சி.சி. 500 தரநிலை டோர்னடோ என்ற சுழற்காற்றுக்கு ஆளுக்கு 5 சதுர அடி போதும் என்கிறது. அது சீக்கிரம் கடந்துவிடும். இரவெல்லாம் அடிக்கும் புயலுக்கு அதே தரநிலை 20 சதுர அடி கேட்கிறது. 160 சதுர அடிப் பெட்டியில் எட்டுப் பேர்தான். அதே தரநிலையில் பறந்துவரும் மரக்கட்டை இடிக்கும் சோதனையும் உண்டு. கேபின் சுவராக வரும், நடுவே நுரை வைத்து அரை மில்லி தகடு ஒட்டிய பஃப் பேனலை, பிய்ந்து வரும் படகுப் பலகை துளைத்துவிடும்.

ப்ரீகாஸ்ட்டில் அந்தப் பயம் குறைவு. 150 மி.மீ. கனத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் பலகை ஒன்று 3.4 டன். பாம்பன் பாலம் தாண்டி வந்துவிடும். கடைசித் தெரு மணலில் கிரேன் நிற்க இரும்புத் தகடு விரிக்க வேண்டும். தவறு நடப்பது இணைப்பில். புதைத்த தகடுகளை வெல்டிங் செய்து சேர்ப்பது வேகமான வேலை, இந்தக் கரையில் சீக்கிரம் அரிக்கும். கம்பி வளையம் கோத்துக் கான்கிரீட் ஊற்றும் ஈர இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பில் கிரௌட் (நீர்த்த சிமென்ட் கலவை) ஊற்றும்போது மேல் துளையில் வழிகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். தூக்கும் கொக்கிகளை வெட்டிய இடத்தைக் கட்டாயம் அடைக்க வேண்டும்.

அங்கேயே வார்ப்பதற்கு எதிரி தண்ணீர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் கூடாது என்கிறது. ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்காமல் கலவைக்கு எடுக்காதீர்கள், கியூரிங்குக்கும்தான். கடல் தூறல் படும் இடத்துக்கு எம்35 தரக் கான்கிரீட், கம்பியை மூடும் கான்கிரீட் கனம் (கவர்) 50 மி.மீ.; அங்கே 25 மி.மீ. கவர் பிளாக்கைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள்.

ஊரே கூடும் இடத்துக்குத் தூண்மேல் உயர்த்தி அங்கேயே வார்த்த கட்டடம்தான் சரி; மற்ற நாளில் பள்ளியாக ஓடினால் கூரை ஒழுகலும் உடனே தெரியும். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் ப்ரீகாஸ்ட். கேபின் நிவாரணச் சாமான் வைக்க.

எதுவானாலும், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இடம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். ஆயத்தப் பெட்டி என்றால் அந்தக் கேள்வி வராது என்று இருந்துவிடாதீர்கள். கடைசித் தவணையை, அடித்தளத்தையும் சேர்த்துப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு வந்த பிறகே கொடுங்கள். கதவு எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு இருக்கட்டும். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும், ஒற்றைக் கதவு அப்போது திறக்காது.