உள்ளேயா, வெளியேயா? குளிருக்குத் தெற்கே போகும் படகுக்கு எது வழி

அமெரிக்கக் கிழக்குக் கரையில் படகு வைத்திருப்பவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும் மாதம் நவம்பர். புயல் பருவம் 30-ம் தேதி வரை ஓடும். நவம்பர் 1-க்கு முன்னால் படகைத் தெற்கே கொண்டுபோகக் கூடாது என்று பல இன்சூரன்ஸ் பாலிசிகளிலேயே எழுதியிருக்கும். வடக்கிலோ அதற்குள் குளிர் எலும்பைப் பிடித்துவிடும். ஆகவே எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வெர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கிளம்புவார்கள், பழனிக்குப் பாதயாத்திரை போகிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் நானும் என் கணவரும் எங்கள் 34 அடிப் பாய்மரப் படகும் உண்டு.

புளோரிடாவுக்கு இரண்டு வழி. ஒன்று உள்ளே: இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. ஆறு, உப்பங்கழி, வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்து, கடலுக்கு இணையாக, கடலைத் தொடாமல் போகும் பாதை. நம் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு காலத்தில் செய்த வேலைதான். நார்ஃபோக் மைல் 0, மயாமி சுமார் மைல் 1,090. இன்னொன்று வெளியே: நேராக அட்லாண்டிக். அவர் வெளியே கட்சி, நான் உள்ளே கட்சி. தூக்கம் கெட்டால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

முதல் 200 மைலில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. வெளியே போனால் ஹட்டெராஸ் முனையைச் சுற்ற வேண்டும். அங்கே டயமண்ட் ஷோல்ஸ் என்ற மணல் திட்டுகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அவற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எதிராக வாடைக்காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகுக்கு அந்த வேலை வேண்டாம். அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே வட கரோலினாவின் போஃபோர்ட் வரை உள்ளேதான்.

ஆனால் உள்ளேயும் ஆரம்பத்திலேயே வழி இரண்டாகப் பிரிகிறது: டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயா, வெர்ஜீனியா கட்டா?

டிஸ்மல் ஸ்வாம்ப் 1793-ல் வெட்டத் தொடங்கி 1805-ல் திறந்த கால்வாய். 22 மைலையும் மண்வெட்டியால் வெட்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அதே சதுப்புக் காட்டுக்குள்தான் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் அந்த அமைதி வேறு மாதிரி இருக்கும். இரு பக்கமும் மரம் வளைந்து நிற்கும். மரமும் மக்கிய இலையும் ஊறி ஊறி, தண்ணீர் அசல் டிகாக்ஷன் நிறம். வாளியில் மொண்டு பார்த்தேன், பித்தளை டபராவில் ஊற்றி வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டீப் கிரீக்கில் ஒரு லாக். உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு மூடும், தண்ணீர் ஏறி ஏறிப் படகை எட்டடி உயர்த்தும். மறுமுனையான சவுத் மில்ஸில் அதே எட்டடி இறக்கிவிடுவார்கள். கதவு திறப்பது நாளுக்குச் சில முறைதான், நேரம் தப்பினால் அங்கேயே கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அழகு சரி. ஆழம்? ஆறடி என்று கணக்கு. எங்கள் படகு தண்ணீருக்குள் ஐந்தடி இறங்கும். மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டை அடியில் 'டொக்' என்று இடிக்கும்போதெல்லாம் இவர் என்னைப் பார்ப்பார், நான் மரத்தைப் பார்ப்பேன். அது முடிந்தால் எலிசபெத் சிட்டி. அங்கே காசில்லாமல் படகைக் கட்டி நிறுத்தலாம். வரும் படகுக்காரர்களுக்கு ரோஜாப்பூ கொடுக்கும் வழக்கத்தை 1983-ல் இரண்டு ஊர்க்காரர்கள் தொடங்கிவைத்த ஊர் அது.

வெர்ஜீனியா கட் 1859-ல் திறந்தது. கிரேட் பிரிட்ஜில் ஒரே லாக், 600 அடி நீளம், இரண்டு மூன்று அடிதான் ஏற்ற இறக்கம். சரக்குப் படகுகள் போவதே இந்த வழியில்தான், அதனால் ஆழத்துக்குக் குறைவில்லை. பார்க்கத்தான் ஒன்றுமில்லை, பாலம் பாலமாகக் காத்திருக்க வேண்டும். வழியில் காயின்ஜாக் என்ற இடத்தில் ஒரு தட்டு பிரைம் ரிப் என்ற மாட்டிறைச்சிக்காகவே படகை நிறுத்துகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது உதவாது, தயிர்சாதக் கோஷ்டி.

என் தீர்ப்பு: படகு நாலரை அடிக்குள் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்மல் ஸ்வாம்ப். ஐந்தரை என்றால் வெர்ஜீனியா கட். எங்களை மாதிரி நடுவில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது டிஸ்மலில் போய்விட்டு, அடுத்த வருஷம் புத்தியோடு நடந்துகொள்ளலாம்.

போஃபோர்ட்டுக்கு அப்புறம்தான் உண்மையான வாக்குவாதம்.

உள்ளே போவது சொகுசு என்று நினைத்துத்தான் நான் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். அது தப்பு. ராத்திரி நங்கூரம் போட்டுத் தூங்கலாம், அது நிஜம். பகல் முழுக்கச் சுக்கானை விட்டு நகர முடியாது, இதுவும் நிஜம். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு கட்டிவிடும், நாளுக்கு 50 மைல் போனாலே பெரிது. தெற்கே போகும்போது, வழிகாட்டும் குறிகளில் சிவப்பு முக்கோணம் வலப்பக்கம், பச்சைச் சதுரம் இடப்பக்கம். ஆனால் கடல் முகத்துவாரம் ஒன்று குறுக்கிட்டால் நிறம் பக்கம் மாறிவிடும். அப்போது குறிகளில் ஒட்டியிருக்கும் மஞ்சள் முக்கோணத்தையும் மஞ்சள் சதுரத்தையும் நம்ப வேண்டும். திறக்காத பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம். எங்கள் பாய்மரம் 52 அடி, கவலையில்லை. 65-ஐத் தாண்டிய மரம் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, அவருக்கு வெளியேதான்.

இத்தனைக்கும் தென் கரோலினாவின் வாக்கமா ஆற்றை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், காலைப் பனிமூட்டம், ஆளரவமே கிடையாது. வெளியே போகிறவர் அதை இழப்பதோடு, ஃபியர் முனையின் மணல் திட்டுகளையும் தூரமாகச் சுற்றிப் போக வேண்டும். அதனால் சார்ல்ஸ்டன் வரை உள்ளே.

ஜார்ஜியாதான் என் கட்சியைக் கவிழ்த்தது. அங்கே கடல் ஓதம் ஏறி இறங்குவது ஏழு முதல் ஒன்பது அடி வரை. பாதை வளைந்து வளைந்து புல்வெளிச் சதுப்புக்குள் போகும், சேறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். லிட்டில் மட் ஆறு என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நீர் ஏறும் நேரத்தில் அதைக் கடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலையில் தோசை வார்த்து நேரமாகிவிட்டது. நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது, என் கையில் சுக்கான் இருக்கும்போது, படகு தரை தட்டியது. மெத்தென்று, ஒரு சத்தம்கூட இல்லாமல்.

வற்றும் நீரில் மாட்டினால் இழுவைப் படகு வந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. படகு மெல்லச் சாய ஆரம்பித்தது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னங்க, திட்டவாவது செய்யுங்களேன்."

"ரசப்பொடி இருக்கா?"

எங்கள் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும். சாய்ந்த சுவரில் முதுகைக் கொடுத்து, ரசம் மட்டும் நேராகக் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீர் திரும்பி ஏறிப் படகு மிதக்கும்போது மணி நாலரை.

இனி கணக்கு. சார்ல்ஸ்டனிலிருந்து புளோரிடா எல்லையிலுள்ள ஃபெர்னாண்டினாவுக்கு உள்ளே சுமார் 250 மைல், எங்கள் வேகத்துக்கு ஐந்தாறு நாள், முழுக்க எஞ்சின், முழுக்க டீசல். வெளியே சுமார் 150 கடல் மைல், ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் 30 மணி நேரம். ஒரே ஒரு ராத்திரி. மூன்று மணி நேரத்துக்கு ஒருவராகக் காவல் மாற்றிக்கொள்வோம். மற்றவரை எழுப்பாமல் யாரும் சுக்கானடியை விட்டுப் படகின் முன்பக்கம் போகக் கூடாது, உடம்பைப் படகோடு பிணைக்கும் கயிற்றுப் பட்டை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டு விதிக்கும் விலக்கே கிடையாது.

வெளிவழிக்குக் காற்றுதான் எல்லாம். குளிர்க்காற்றலை ஒன்று கடந்து, காற்று வடமேற்காகத் திரும்பி நிலத்திலிருந்து வீசினால் கரையோரக் கடல் அடங்கும். அப்போது கிளம்ப வேண்டும். தெற்குக் காற்றில் கிளம்புவது வீண் பிடிவாதம். பெரிய கப்பல் வரும் முகத்துவாரங்களை மட்டும், அதுவும் வெளிச்சத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும். கடலிலிருந்து காற்று அடிக்கும்போது நீர் வெளியேறினால் முகத்துவாரத்திலேயே அலை செங்குத்தாக நிற்கும். இன்னொன்று: நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையோரம் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றன. உலகத்தில் மிச்சம் இருப்பதே நானூறுக்கும் குறைவு. 500 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். கும்மிருட்டில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்ற கவலையோடுதான் என் காவல் நேரம் கழியும்.

புளோரிடாவுக்குள் மறுபடி உள்ளே. அங்கே கல்ஃப் ஸ்ட்ரீம் கரையை நெருங்கி வருகிறது, வாடைக்காற்றும் குறையாது. பாம் பீச்சுக்குத் தெற்கே தூக்குப் பாலங்கள் பொறுமையைச் சோதிக்கும், கடல் தட்டையாக இருந்தால் மட்டும் ஒரு பகல் வெளியே எட்டிப் பார்க்கலாம்.

இந்த நவம்பரில் சார்ல்ஸ்டனில் மூன்று நாள் காத்திருப்பதாக ஏற்பாடு. வடமேற்குக் காற்று வந்தால் வெளியே. வராவிட்டால் லிட்டில் மட் ஆறு, சுக்கான் அவர் கையில், அன்றைக்குக் காலையில் தோசை கிடையாது.